ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு குதிரைச் சவாரி

கொழும்பு மாநகரின் தென்புறத்திலே, வெள்ளவத்தைக்கும் திம்பிரிகஸ்யாயவுக்கும் அண்மையில் அமைந்துள்ள ஹெவ்லொக் டவுன், 1890ஆம் ஆண்டு முதல் 1895ஆம் ஆண்டு வரை இலங்கையின் தேசாதிபதியாக விளங்கிய சேர் ஆதர் ஹெவ்லொக் என்பாரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவர் பெயரால் வழங்கிய வீதி, ஸ்ரீ சம்புத்தத்வ ஜயந்தி மாவத்தை எனப் பெயர் மாறிய பின்பும், ஊரார் வாயிலே ஹெவ்லொக் வீதியாகவே இருந்து வருகின்றது. மாலை வேளையிலே அவ்வீதியில் என் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உலாவி வருவது எனது நெடுநாள் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அவளுக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்த காலத்திலே, அவ்வீதியோரத்து மைதானத்தின் முன்னால் அவள் திடீரென நின்றாள். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர்.

"அம்மப்பா, ஹென்றி பேதிரிஸ் எண்டவர் என்ன விளையாடினவர்?"

"அவர் குதிரைச் சவாரியிலே கெட்டிக்காரர், பிள்ளை."

"அப்ப அவற்றை குதிரை எங்கை?"

இக்கேள்விக்கு விடை சொல்ல நான் சிறிது தடுமாறினேன். கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரியாக இருந்த ஹென்றி பேதிரிஸ், 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கிலேய இராணுவ நீதிமன்றத்தினால் மரண தண்டனை விதிக்கப்பெற்று, அவ்வாண்டு யூலை 7ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 26. மகனின் நினைவாகத் தந்தையார் எழுப்பிய இசிபத்தனாராமய விகாரையும் ஹெவ்லொக் டவுனிலேதான் இருக்கின்றது. இவற்றையெல்லாம் ஒரு குழந்தைக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னேன். அவள் கேட்டதோ குதிரையை. கொழும்பிலே குதிரைகள் இருந்த கதையைச் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

குதிரைகள் இருந்த கொழும்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே காலிமுகத்திடல் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1859ஆம் ஆண்டிலே கடலோர நடைபாதையை முடித்து, நகரத்துப் பெண்டிர், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்காக அதனைப் பேணிவருமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலே பொறித்துவைத்தார். 1893ஆம் ஆண்டிலே கறுவாத்தோட்டத்திலே புதிய பந்தயத்திடல் தோன்றியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபொழுது, அந்தப் பந்தயத்திடலே விமானத்தளமாகிப் பிரித்தானியப் போர் விமானங்கள் அங்கிருந்து மேலெழுந்தன. 1956ஆம் ஆண்டுடன் கொழும்பிலே பந்தயம் நின்றது. இன்று அவ்விடம் விளையாட்டரங்காகவும் கடைத்தொகுதியாகவும் விளங்குகின்றது.

"அப்ப ஒரு இடத்திலையும் குதிரை இல்லையோ?" என்று அவள் முகம் வாடியது.

"ஏன் இல்லை? நுவரெலியாவிலே இருக்கு. எங்கட நெடுந்தீவிலே கூட்டங் கூட்டமாய் இருக்கு" என்றேன்.

இவ்விடத்திலே எனது பெருமையையும் சொல்லிவிட வேண்டும். என் தாயார் பிறந்த ஊர் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை என்றும் ஒல்லாந்தர் பெருக்கியவை என்றும் சொல்லப்படும் மட்டக்குதிரைகள் அத்தீவின் தென்பகுதி வெளிகளிலே இன்றும் கட்டற்றுத் திரிகின்றன. விடுமுறைக் காலங்களிலே குறிகட்டுவானில் வள்ளமேறி அங்கே சென்று, பனங்கூடலின் ஓரத்தில் நின்று அவற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே, குதிரையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று என் பாட்டிலே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிரகரி வாவிக்கரையில்

அவ்வாண்டு சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா சென்றோம். நானுஓயா நிலையத்திலே புகைவண்டியை விட்டிறங்கியதும் குளிர் எலும்பைத் தொட்டது. கடல் மட்டத்திற்கு மேல் 6,000 அடிக்கு அதிகமான உயரத்திலே இருக்கும் அந்நகரின் வாவி, 1870களிலே தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் கிரகரியின் பெயரைக் கொண்டது. அண்மையிலே 1875ஆம் ஆண்டு முதல் பந்தயம் நடைபெற்றுவரும் திடல் இருக்கின்றது. வசந்தகாலத்திலே வாவிக்கரையெங்கும் மட்டக்குதிரைகள் வாடகைக்கு நிற்கும்.

வெண்கால்களையுடைய கபில நிறக் குதிரை ஒன்றை என் பேத்தி தெரிந்தெடுத்தாள். அதனை வைத்திருந்தவர் அறுபது வயதைத் தாண்டிய மலையகத்துப் பெரியவர். அவர் ஒரு பழைய தலைக்கவசத்தை எடுத்து நீட்டினார். என் மனைவியோ, "தலையிலே பூ வைச்சிருக்குது பிள்ளை, கசங்கப் போகுது" என்றாள். நானும் வேண்டாமென்று கையசைத்தேன். சிறுமியின் காலிலே கிடந்தது மெல்லிய செருப்பு. பெரியவர் அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், "கயிற்றை என்னட்டைத் தாருங்கோ, நான் நெடுந்தீவான்" என்று சொல்லி, தலைக்கயிற்றை வாங்கி, பிடி நழுவாதிருக்கும் பொருட்டு உள்ளங்கையிலே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

ஐம்பது அடி நடந்திருப்போம். மெல்லிய தூறல் விழத் தொடங்கியது. பேத்தி நனையப் போகின்றாளே என்ற பதற்றத்திலே, என் மனைவி பின்னாலிருந்து ஓடிவந்து, குதிரையின் வாற்புறத்திலே குடையைப் படாரென விரித்தாள்.

அதன்பின் நடந்தது ஒரு நொடிக்குள் நடந்து முடிந்தது. குதிரை முன்னோக்கிப் பாய்ந்தது. கையிற் சுற்றிய கயிறு இறுகியது. நான் குப்புற விழுந்து ஈரப்புல்லிலே இழுபட்டேன். பேத்தி ஒருபக்கமாகச் சரிந்தாள். அவளுடைய இடக்கால் செருப்புடனே அங்கவடிக்குள் கணுக்கால் வரை புகுந்து சிக்கிக்கொண்டது. தலை கீழாகத் தொங்கியபடி அவள் எழுப்பிய ஓலம் இன்றும் என் காதிலே கேட்கின்றது.

பெரியவர் ஓடிவரவில்லை, கூவவுமில்லை. தாழ்ந்த குரலிலே குதிரையைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு, பக்கவாட்டிலே நிதானமாக நடந்து வந்தார். குதிரை காதைத் திருப்பி நின்றது. அவ்வேளை செருப்பின் வார் அறுந்து கால் விடுபட, சிறுமி புல்லின்மேல் விழுந்தாள். அவளுடைய தலைக்கும் பாதையோரத்துக் கருங்கல்லுக்கும் இடையே இருந்தது ஒரு சாண் தூரம்.

அவளுக்கு முழங்கையிலே சிராய்ப்பு. எனக்கு மோதிர விரலிலே முறிவு. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலிலே பரி மீண்டும் நரியானதுபோல், எனது நெடுந்தீவுப் பெருமையும் அக்கரையிலே உருமாறிப் போயிற்று.

நான் பெரியவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அவர் குதிரையின் கழுத்தைத் தடவியவாறே சொன்னார்: "எல்லாரும் பாப்பாவத்தான் பாத்தீங்க ஐயா. குதிர எதப் பாக்குதுன்னு யாரும் பாக்கல."

குதிரையின் கண்

கொழும்புக்குத் திரும்பும் வழியிலே, "இனிக் குதிரையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்று என் மகள் முடிவு கட்டிவிட்டாள். பேத்தியோ சன்னலருகே வெகுநேரம் பேசாதிருந்து, நாவலப்பிட்டியைக் கடந்தபின் ஒரேயொரு கேள்வி கேட்டாள்: "அம்மப்பா, அந்தக் குதிரைக்கு அடிச்சிருப்பினமோ?"

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. பிழை செய்தவர் நாம். அடிபட்டிருக்குமோ என்று குழந்தை அஞ்சுவதோ குதிரைக்காக. விரலிலே கட்டுடன் வீட்டிலிருந்த ஆறு வாரங்களிலும், கிடைத்த நூல்களை வாசித்தும், குதிரை பழக்குவோரிடம் சென்று கேட்டும், பெரியவர் சொன்ன ஒரு வாக்கியத்தின் பொருளை ஆராய்ந்தேன்.

குதிரை வேட்டையாடும் விலங்கன்று, வேட்டையாடப்பட்ட விலங்கு. புல்வெளியிலே புலிக்கும் ஓநாய்க்கும் தப்பிப் பிழைத்த இனம். அதன் கண்கள் தலையின் இருபுறங்களிலும் அமைந்திருப்பதனால், ஏறத்தாழச் சுற்றுவட்டம் முழுவதையும் அது பார்க்கவல்லது. ஆயினும் இரண்டு இடங்கள் அதற்குத் தெரியா. ஒன்று நெற்றிக்கு நேர் முன்னே மிக அண்மையிலுள்ள இடம். மற்றையது வாலுக்கு நேர் பின்னேயுள்ள இடம். தெரியாத அவ்விடத்திலிருந்து குடை விரிந்தால் அதற்குக் குடையென்று தெரியாது, புலியென்றே கொள்ளும். ஓடுவதே அதற்கு இயற்கை தந்த காவல். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குட் செல்லும்பொழுது அதன் கண் பழகுவதற்கு நம்முடைய கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும் என்பதையும் அறிந்துகொண்டேன். மரநிழலின் விளிம்பிலே குதிரை தயங்குவதைப் பிடிவாதமென்று எண்ணி அடிப்பவர் பலர். உண்மையிலே அது கால் வைக்குமிடம் தெரியாது நிற்கின்றது.

குதிரையின் காது அதன் மனத்தின் சுட்டுவிரல். ஒரு காது பக்கத்து வேலியை நோக்கித் திரும்பினால், வேலிக்கப்பால் ஏதோ இருக்கின்றதென்று பொருள். இரண்டும் விறைத்து முன்னோக்கினால் அச்சமோ வியப்போ எழுந்துள்ளது. இரண்டும் பின்னோக்கிக் கழுத்தோடு ஒட்டினால் கோபம், அண்மையிற் செல்லலாகாது.

இவ்வறிவு புதியதன்று. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த செனபன் என்ற கிரேக்க வீரர், குதிரையைக் கோபத்துடன் அணுகலாகாது என்றும், அது ஒன்றைக் கண்டு மருண்டால் அடித்து விரட்டக் கூடாது என்றும் எழுதிவைத்தார். அடித்தால் அச்சப்பட்ட பொருளே நோவையும் தந்ததென்று குதிரை எண்ணிக்கொள்ளும் என்பது அவர் காட்டிய நியாயம். நம்மவரோ குதிரைமேற் கொண்ட காதலிற் குறைந்தவரல்லர். கடைவழியாகக் கப்பலேறி வந்த குதிரைகளைச் சங்கப் புலவர் பாடினர். மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஆயினும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகளிற் பெரும்பாலானவை பேணும் முறை அறியப்படாமையால் மாண்டுபோயின என்று எழுதியிருக்கின்றார். விரும்புவது ஒன்று, அறிவது மற்றொன்று. வாவிக்கரையிலே நான் செய்ததும் அதுவே.

வீதியே பாடசாலை

குதிரையில்லாத ஹெவ்லொக் டவுனிலே நாங்கள் குதிரைப் பாடத்தைத் தொடங்கினோம். மாலை உலாவின்போது, "இப்ப நீ ஒரு குதிரை. எதைக் கண்டு பயப்படுவாய்?" என்று கேட்பேன். முதல் நாள் அவள் மூன்று பொருள்களைச் சொன்னாள். ஒரு வாரத்தின் பின் என்னால் எண்ண முடியவில்லை. வேலிக் கம்பியிற் சிக்கிப் படபடக்கும் பொலித்தீன் பை. ஒழுங்கையிலிருந்து திடீரென வெளிப்படும் முச்சக்கர வண்டி. மதிலின் கீழிருந்து குரைக்கும் நாய். மாடியிலே உதறப்படும் படுக்கை விரிப்பு. மழைநீர் தேங்கி வானத்தைக் காட்டும் பள்ளம். மைதானத்திலே எல்லைக்கோட்டை நோக்கி உருண்டுவரும் பந்து. நாற்பது ஆண்டுகளாக நான் நடந்த வீதியை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

வீட்டிலே மற்றொரு பாடம் நடந்தது. முன்விறாந்தையின் அரைச்சுவரிலே நீண்ட தலையணையைக் கட்டி, அதையே குதிரையாக்கினோம். கீழே மெத்தை. "இறங்கு" என்று சொன்னவுடன் இரு கால்களையும் அங்கவடியிலிருந்து ஒரே தடவையில் விடுவித்து, முன்னே குனிந்து, ஒரு காலை மேலாக வீசி, முழங்கால் மடியக் கீழே குதிக்க வேண்டும். ஆபத்து வேளையிலே சிந்திக்க நேரமிராது. உடம்பே அறிந்திருக்க வேண்டும். நூறு தடவை குதித்திருப்பாள். இதைக் கண்ட என் மகள் முதலிற் சிரித்தாள், பின்பு யோசித்தாள், கடைசியிலே, "முறையாய்ப் பழக்கிற இடத்திலை எண்டால் விடலாம்" என்று இணங்கினாள். நகரிலே குதிரையேற்றம் பயிற்றும் ஓரிடத்திலே, நாற்புறமும் வேலியிட்ட முற்றத்துக்குள், ஞாயிறு தோறும் அவள் பழகினாள். வேலிக்குள் நடையும் நிறுத்தமும் திருப்பமும் கைவந்த பின்னரே வெளியிடத்திற்குச் செல்லலாம் என்பது பயிற்றுவித்தவரின் உறுதி.

பெற்றோர் அறியவேண்டியவை

அங்கே கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். வசந்தகாலத்திலே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்குப் பயன்படக்கூடும்.

முதலாவது குதிரையைத் தெரிதல். அழகைப் பார்த்துத் தெரியலாகாது. வயது முதிர்ந்து அமைதியடைந்த குதிரையே குழந்தைக்கு உகந்தது. நொண்டுகின்றதா, சேணத்தின் கீழே புண் இருக்கின்றதா, களைத்துத் தலை தொங்கி நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். நோவுள்ள குதிரை நல்ல குதிரையாயினும் துள்ளும். அத்தகைய குதிரையிலே ஏறாதிருப்பது குழந்தைக்கும் நலம், குதிரைக்கும் தருமம்.

இரண்டாவது தலைக்கவசம். இதிலே விட்டுக்கொடுப்பு இல்லை. துவிச்சக்கர வண்டிக்கான கவசம் இதற்குப் போதாது. குதிரைச் சவாரிக்கென அமைந்த கவசம் பிடரியையும் கூடுதலாக மூடும். புருவத்துக்கு மேல் இரண்டு விரலளவிலே நேராக அமர வேண்டும். நாடிவாரைக் கட்டாமலே தலையை ஆட்டிப் பார்த்தால் அசையக்கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி பயன்படுத்தலாகாது. வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே வலுவிழந்திருக்கும்.

மூன்றாவது காலணி. செருப்பு ஆகாது. சிறு குதிகாலும் வழுவழுப்பான அடியும் உள்ள சப்பாத்து வேண்டும். குதிகால் இருந்தால் பாதம் அங்கவடிக்குள் முழுவதும் புகாது. அங்கவடி சப்பாத்தைவிட ஓரங்குல அளவு அகலமாக இருப்பது நன்று. சிறுவர்க்கென வெளிப்புறத்திலே இரப்பர் வளையம் பூட்டிய அங்கவடிகள் உள்ளன. விழும்பொழுது வளையம் கழன்று காலை விட்டுவிடும்.

நான்காவது வயிற்றுவார். ஏறுமுன் ஒரு தடவை, சிறிது தூரம் நடந்தபின் மறு தடவை அதனை இறுக்கிப் பார்க்க வேண்டும். முதலிலே குதிரை வயிற்றை உப்பிக்கொண்டு நிற்பதுண்டு. நடந்தபின் வார் தளர, சேணம் குழந்தையுடன் ஒருபக்கம் சரிந்துவிடும்.

ஐந்தாவது நடத்திச் செல்பவர். அவர் குதிரையின் முன்னாலோ பின்னாலோ அன்றித் தோளருகே நடக்க வேண்டும். கயிற்றைக் கையிலே ஒருபோதும் சுற்றலாகாது. மிகுதியை மடித்து உள்ளங்கையிலே பிடித்தால் வேண்டியபோது விட்டுவிடலாம். எனது கோணல் விரலே இதற்குச் சாட்சி. வாகனம் செல்லும் வீதியிலே இடப்பக்கமாகச் செல்லும்பொழுது, குதிரை ஓரத்திலும் நடத்துபவர் வாகனங்களின் பக்கத்திலுமாக நடப்பது முறை. முன்னே செல்லும் குதிரைக்கும் தமது குதிரைக்கும் இடையே குறைந்தது ஒரு குதிரையின் நீளம் இடம் விட வேண்டும். குழந்தையைச் சேணத்தோடு கட்டிவைப்பது பாதுகாப்பெனச் சிலர் எண்ணுவர். அதைப்போல் அபாயமானது வேறில்லை.

குடை விரிப்பது, துணி உதறுவது, கூவி ஓடிவருவது, கைபேசியிற் படமெடுக்க நேர்பின்னே செல்வது ஆகிய யாவற்றையும் உடன்வருவோர் தவிர்த்தல் வேண்டும். மழை வந்தால் நனையட்டும். தலையைத் துவட்டிவிட வீட்டிலே துவாய் உண்டு.

குழந்தை விழுந்துவிட்டால், உடனே தூக்கி நிறுத்துவது நம் வழக்கம். அது தவறு. தலையிலோ கழுத்திலோ அடிபட்டிருக்கக்கூடுமாயின் அசைக்காமல் வைத்து, 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்க வேண்டும். எழுந்து நடந்தாலும், வாந்தி, மயக்கம், தலைவலி, பேச்சிலே குழப்பம், வழமைக்கு மாறான உறக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் தாமதியாது வைத்தியரிடம் காட்ட வேண்டும். தலையிலே அடிபட்ட நாளில், நலமாக இருப்பதுபோற் தோன்றினாலும், மீண்டும் குதிரையேற்றலாகாது.

மறுபடியும் வாவிக்கரை

மறு சித்திரையிலே மீண்டும் நுவரெலியா சென்றோம். தலைக்கவசமும் சப்பாத்தும் பெட்டியிலே முதலிடம் பெற்றன. அதே வாவிக்கரையிலே அதே பெரியவர் நின்றார். எங்களை அடையாளம் கண்டு, என் விரலைப் பார்த்து மெல்லச் சிரித்தார். வெண்கால் குதிரையும் நின்றது. பேத்தி நேரே ஓடவில்லை. பக்கவாட்டிலே, குதிரை தன்னைக் காணும் வழியாக, பேசிக்கொண்டே சென்று, கழுத்திலே கை வைத்தாள். "போன வருஷம் உனக்கு அடிச்சவையோ?" என்று அதனிடமே கேட்டாள்.

"அதை நான் அடிக்கிறதில்ல பாப்பா" என்றார் பெரியவர்.

இம்முறை கயிறு பெரியவரின் கையிலேயே இருந்தது. நான் சற்று விலகி நடந்தேன். வாவியின் மறுகோடியிலே, யாரோ ஒரு சிறுவனின் காற்றாடி நூலறுந்து புல்வெளியிலே படபடவெனத் தரை தட்டி வந்தது. குதிரையின் இரு காதுகளும் விறைத்தன. என் நெஞ்சு நின்றுவிட்டது. என் மனைவி என் கையை இறுகப் பற்றினாள்.

நான் கத்துவதற்குள் சிறுமி அதைக் கண்டிருந்தாள். முதுகை நிமிர்த்தி, உடம்பைக் கனமாக்கி அமர்ந்து, மெதுவாக மூச்சை விட்டாள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, காற்றாடிதான்" என்று குதிரையிடம் சொன்னாள். பெரியவர் குதிரையை நிறுத்தி, அதன் தலையைக் காற்றாடியின் பக்கமாகவே திருப்பி, அது நன்றாகப் பார்க்கும்வரை காத்திருந்தார். குதிரை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது. பின்பு மூவரும் நடந்து சென்றனர்.

கண்ணீர் மல்கிய என் மனைவியின் தோளிலே, மடக்கியபடியே தொங்கிக்கொண்டிருந்தது குடை. தூறல் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இப்பொழுதும் ஹெவ்லொக் வீதியிலே நாங்கள் மாலையில் உலாவுகின்றோம். பேத்தி என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். சென்ற கிழமை பேதிரிஸ் மைதானத்தின் அருகே மழை பிடித்தது. நான் குடையை எடுத்தேன். பழக்க தோஷத்தினால் அவள் என் கையைத் தடுத்து, முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தாள்.

"மெள்ள விரியுங்கோ, அம்மப்பா" என்றாள்.

மெள்ளவே விரித்தேன்.